வெங்லோஷை வில்லாவின் அந்த ஓர் ஆண்டை வைத்து மட்டும் எடை போடலாமா?

'யோசெப் வெங்லோஷ் இங்கிலாந்தில் ஒரே ஆண்டில் தோற்றுத் திரும்பியவர்தானே, அவரை ஏன் பெரிய கால்பந்துப் பயிற்சியாளர் என்கிறார்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அவரை அறிந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் கழகமான செல்டிக் வழியாக. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் கடந்துபோக முடியவில்லை.

ஸ்லோவாக்கியாவின் ருஜோம்பெரோக்கில் 1936இல் பிறந்தவர். ஸ்லோவான் பிராதிஸ்லாவா கழகத்துக்காக நடுக்களத்தில் ஆடினார். உடற்கல்வியில் முனைவர் பட்டமும் பெற்றார். ரசிகர்கள் 'டாக்டர் ஜோ' என்று அழைத்தது அதனால்தான். ஸ்லோவானின் பயிற்சியாளராக 1974, 1975 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீக் பட்டம் வென்றார். 1976இல் செக்கோஸ்லோவாக்கியா ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது வாட்ஸ்லாவ் யெசெக்கின் துணைப் பயிற்சியாளர் அவர். ஆஸ்திரேலியா, போர்ச்சுகல், மலேசியா, துருக்கி, ஓமன், ஜப்பான் என்று அவர் வேலை பார்த்த நாடுகளை எண்ணினாலே போதும்.

1990 உலகக் கோப்பையில் செக்கோஸ்லோவாக்கியாவைக் காலிறுதிவரை கொண்டுசென்றார். மேற்கு ஜெர்மனியிடம் மத்தேயுஸின் ஒரே பெனால்டி கோலில்தான் அந்த அணி வீழ்ந்தது. அதே மாதத்தில் இங்கிலாந்துக் கழகமான ஆஸ்டன் வில்லா அவரை அழைத்துக்கொண்டது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வெளியே இருந்து வந்து அன்று இங்கிலாந்தின் உச்ச லீக்காக இருந்த முதல் டிவிஷனில் பொறுப்பேற்ற முதல் பயிற்சியாளர் அவர்.

முந்தைய பருவத்தில் வில்லா இரண்டாம் இடம். அவர் காலத்தில் 17ஆம் இடம். இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அவர் அங்கே கொண்டுவர முயன்றவை என்னென்ன? வீரர்களின் உணவைக் கவனிப்பது, ஆட்டத்துக்குப் பின் உடலைத் தேற்றுவது, உடலியல் அறிவைக் கொண்டு பயிற்சியை வகுப்பது. மத்திய ஐரோப்பாவில் வழக்கமாக இருந்த இவை அன்றைய இங்கிலாந்து வீரர்களுக்குப் புதியவை. ஆறு ஆண்டுகள் கழித்து லண்டனின் ஆர்சனல் கழகத்தில் பிரெஞ்சுப் பயிற்சியாளர் வெங்கர் இதே வழியில் போனபோது உலகமே பாராட்டியது. வெங்லோஷுக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு பருவம். அந்தப் பருவத்திலும் ஐரோப்பியக் கழகங்களுக்கான யூஃபா கோப்பையில் இத்தாலியின் இன்டர் மிலானைச் சொந்தத் திடலில் 2-0 என வென்றது வில்லா. மிலானில் நடந்த மறு ஆட்டத்தில் 3-0 எனத் தோற்று, மொத்தக் கோல் கணக்கில் வெளியேறியது உண்மை. ஆனால் அந்த இன்டர்தான் கடைசியில் கோப்பையையும் வென்றது.

இனி 1998. அறுபத்திரண்டு வயதில் செல்டிக்கின் பயிற்சியாளராக கிளாஸ்கோவுக்கு வந்தார். அங்கும் 'யார் இந்த ஆள்?' என்ற ஏளனம்தான் வரவேற்றது. நவம்பரில் அவர் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கிலிருந்து லுபோமிர் மொராவ்சிக் என்ற 33 வயது ஸ்லோவாக்கிய வீரரைச் சொற்பத் தொகைக்கு வாங்கியபோது, பழைய சிநேகிதருக்குச் செய்யும் உதவி என்பதுபோலப் பேசினார்கள். மொராவ்சிக்கை அவர் 1990இலேயே அறிவார். மேற்கு ஜெர்மனிக்கு எதிரான அந்தக் காலிறுதியில், ஆத்திரத்தில் காலணியை உதைத்து எறிந்து சிவப்பு அட்டை வாங்கியவர் அவர்தான். அந்தக் கோபக்காரருக்குள் இருந்த கலைஞனையும் வெங்லோஷ் பார்த்திருந்தார்.

அதே மாதம் 21ஆம் தேதி, செல்டிக்கின் பரம எதிரியான ரேஞ்சர்ஸுக்கு எதிரான ஆட்டம். செல்டிக் 5-1 என வென்றது. மொராவ்சிக் மட்டும் இரண்டு கோல்கள். பதிவில் பலமுறை பார்த்திருக்கிறேன். இடது காலா வலது காலா, எது அவருடைய இயல்பான கால் என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

அந்தப் பருவத்தில் செல்டிக் பட்டம் வெல்லவில்லை, வெங்லோஷும் விலகினார். மொராவ்சிக் 2002 வரை அங்கேயே ஆடினார். 2001இல் மார்ட்டின் ஓநீலின் கீழ் செல்டிக் உள்நாட்டுக் கோப்பைகள் மூன்றையும் வென்றபோது அந்த அணியில் அவரும் இருந்தார். டாக்டர் ஜோ 2021 ஜனவரியில் காலமானார். வில்லாவின் 17ஆம் இடத்தைச் சொல்பவர்கள், அந்த நவம்பர் ஆட்டத்தையும் ஒருமுறை தேடிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.