இளைப்பு அடங்கிய பிறகும் அடங்காத பயம்: கடும் ஆஸ்துமா குறித்த கேள்வி பதில்

பதிலளிப்பவர் நுரையீரல் மருத்துவப் பிரிவில் பணிபுரியும் செவிலியர். சிறுவயது முதல் தாமும் கடும் ஆஸ்துமாவுடன் வாழ்பவர்.

கேள்வி: இளைப்பு அடங்கி இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஆனாலும் இரவில் படுக்கவே பயமாக இருக்கிறது. எனக்கு மனநோய் ஏதும் வந்துவிட்டதா?

பதில்: நீங்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் மூச்சுக்குழாய்கள் அதிகம் சுருங்குகின்றன. ஒருமுறை அந்நேரத்தில் மூச்சு முட்டி எழுந்தவருக்கு அது எளிதில் மறப்பதில்லை. கடுமையான இளைப்பு ஒன்றிற்குப் பிறகு நானே பல இரவுகள் தலையணைக்கடியிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் காதருகே குலுக்கி, மருந்து மீதமிருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். (குலுக்கிப் பார்த்து மருந்தின் அளவை அறிய முடியாது, எண்ணிக்கை காட்டும் இன்ஹேலரே நம்பத்தக்கது.) எனினும், கடந்த 4 வாரங்களில் ஒரு முறையேனும் இளைப்பால் இரவில் விழித்திருந்தால், நோய் முழுக் கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். அந்தப் பயத்தை மருத்துவரிடம் மறைக்காமல், இருமலைச் சொல்வதுபோலவே சொல்லுங்கள்.

கேள்வி: எது பதற்றம், எது ஆஸ்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பல நேரங்களில் இரண்டும் சேர்ந்தே வருவதால் உணர்வை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது விரல் நுனிகளும் உதட்டைச் சுற்றியுள்ள பகுதியும் மரத்துப்போவதுண்டு. ஆஸ்துமாவில் இருமலும், மூச்சை வெளிவிடுகையில் விசில் போன்ற ஒலியும், நெஞ்சு இறுக்கமும் தோன்றும். குழப்பத்தைக் கூட்டுவது மருந்துதான்: மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை இழுத்த பிறகு நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் அம்மருந்தின் இயல்பு, ஆனால் அனுபவிப்பவருக்கு அது பதற்றமாகவே தோன்றும். எனவே மூச்சை எவ்வளவு வேகமாக வெளிவிட முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் கருவியில் ஊதிப் பார்ப்பதையே நான் நம்புகிறேன். நன்றாக இருக்கும் நாளில் நீங்கள் ஊதிய சிறந்த அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை; 50 விழுக்காட்டுக்கும் கீழே என்றால் இன்ஹேலர் மருந்தை இழுத்துவிட்டு உடனே அவசர உதவி நாட வேண்டும். ஊதவே முடியாத நிலையில் கருவியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. சந்தேகமிருந்தால் ஆஸ்துமா என்றே கொள்ளுங்கள். திணறல் தொடரும்போது விசில் ஒலி மட்டும் நின்றுபோவது குணமாவதன் அடையாளமன்று, பேராபத்தின் அடையாளம்.

கேள்வி: ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியதிலிருந்து காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன், அழுகிறேன், தூக்கமும் இல்லை. நான் மாறிவிட்டேனா?

பதில்: மாற்றியிருப்பது பெரும்பாலும் மாத்திரையாகத்தான் இருக்கும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மனநிலையையும் தூக்கத்தையும் பாதிக்கக்கூடியது. நீண்ட நாள் எடுத்தால் முகம் உப்பிப்போவதால் கண்ணாடியைப் பார்ப்பதும் வேதனையாகிவிடுகிறது. காலையில் உணவுக்குப் பின் எடுத்தால் தூக்கக் கேடு சற்றுக் குறையலாம். ஆனால் பல வாரங்களாக எடுத்துவருபவர் திடீரென நிறுத்தினால் உடல் நிலைகுலையும் என்பதால் மருத்துவர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். மான்டெலூகாஸ்ட் என்ற மற்றொரு ஆஸ்துமா மாத்திரையை எடுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அது மனநிலை மாற்றங்களையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டக்கூடும் என்பதற்காக 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. அத்தகைய எண்ணம் தோன்றினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: "எல்லாம் மனசுதான் காரணம்" என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: கடந்த நூற்றாண்டின் நடுவில் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் போன்ற உளப்பகுப்பாய்வாளர்களே ஆஸ்துமாவை அடக்கப்பட்ட அழுகையோடு தொடர்புபடுத்தியதுண்டு. இன்று மூச்சுக்குழாய் அழற்சியே இந்நோயின் அடிப்படை என்பது தெளிவு. மன அழுத்தமும் அழுகையும், ஏன் வாய்விட்டுச் சிரிப்பதும்கூட இளைப்பைத் தூண்டலாம். தூண்டுவது வேறு, காரணம் வேறு.

கேள்வி: என் மனைவிக்கு இளைப்பு வரும்போது என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

பதில்: "பயப்படாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். மூச்சுக்குத் தவிப்பவரிடம் "என்ன செய்கிறது, எப்போது தொடங்கியது" என்று கேட்டால், அவர் இருக்கிற மூச்சையும் பதிலுக்குச் செலவிட நேரும். தலையசைப்பில் பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். இன்ஹேலரும், அதில் பொருத்தி மருந்தை இழுக்க உதவும் ஸ்பேசர் குழாயும் எங்கே இருக்கின்றன என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள். நன்றாக இருக்கும் நாளிலேயே இருவரும் கைச்சைகை பேசிவைத்துக்கொள்ளலாம்: எங்கள் வீட்டில் ஒரு விரல் என்றால் இன்ஹேலர், இரண்டு விரல் என்றால் ஆம்புலன்ஸ். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாரித்தாலோ, சைகைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.