ஒயின் கூலர் ஏன் குளிர மறுக்கிறது?

கேள்வி: திருமண நாளுக்கு மகன் 12 பாட்டில் கொள்ளும் ஒயின் கூலர் வாங்கித் தந்தான். சமையலறையில் அடுப்பு மேடைக்கு எதிரே, சுவரை ஒட்டி வைத்திருக்கிறோம். சத்தமே வராது. 12 டிகிரி வைத்தாலும் இந்த வெயிலில் 19-க்குக் கீழே இறங்குவதில்லை. கண்ணாடிக் கதவில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. ரிப்பேரா? கரண்ட் பில்லை நினைத்து இரவில் அணைத்து வைக்கலாமா? பாதி இடம் காலி. இட்லி மாவு, பால் பாக்கெட் வைக்கலாமா?
— வாசகி, திருவான்மியூர்

பதில்: சத்தமே வராது என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது. உங்களுடையது கம்ப்ரஸர் இல்லாத பெல்டியர் வகையாக இருக்க வேண்டும். ஒரு சிறு தகடு உள்ளேயுள்ள சூட்டை வாங்கிப் பின்பக்கம் தள்ளும். ஒரு குட்டி ஃபேன் அதை வெளியேற்றும். இந்த வகை, அறையின் சூட்டிலிருந்து சுமார் 15 டிகிரி வரைதான் குறைக்கும். மே மாதம் சென்னைச் சமையலறையில், அடுப்பும் எரியும்போது 35 டிகிரி சாதாரணம். கணக்குப் போட்டால் 19, 20 வருவதில் ஆச்சரியமில்லை. பெட்டி தன்னால் முடிந்ததைச் செய்கிறது, இடம்தான் சரியில்லை.

முதல் வேலையாக அதைச் சமையலறையிலிருந்து வெளியே எடுங்கள். மேற்கு வெயில் படாத உள் அறை, முடிந்தால் ஏ.சி. ஓடும் அறை நல்லது. பின்பக்கம் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அப்புறம் பின்னால் கையை வைத்துப் பாருங்கள்: வெதுவெதுப்பாகக் காற்று வர வேண்டும். வரவில்லை என்றால் ஃபேன் நின்றிருக்கலாம். அப்படியானால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நீங்கள் இருப்பது கடலோரம். உப்புக் காற்றும் தூசியும் அந்த ஃபேனில் சீக்கிரம் படியும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்.

கண்ணாடியில் தண்ணீர் நிற்பது நம் ஊர் ஈரக்காற்றின் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் கூடும். துடைத்தால் போதும். ஆனால் கதவு ரப்பரை ஒருமுறை சோதியுங்கள்: ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

இரவில் அணைக்கவே அணைக்காதீர்கள். ஒயினுக்கு 12, 13 டிகிரி உத்தமம்தான். ஆனாலும் 17-இல் நிலையாகச் சில மாதம் இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. தினமும் ஏறி இறங்குவதுதான் ஆபத்து. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கார்க் போட்ட பாட்டில்களைப் படுக்க வையுங்கள், கார்க் காயாமல் இருக்கும். திருகு மூடி பாட்டில் நின்றாலும் பாதகமில்லை. மகாராஷ்டிராவின் நாசிக்கில் தயாராகும் ஒயின்களில் பெரும்பாலானவை இளமையிலேயே குடிக்க வேண்டியவை. வருடக்கணக்கில் பூட்டி வைத்தாலும் ருசி ஏறாது.

மாவும் பாலும் வேண்டவே வேண்டாம். பாலுக்கு 5 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். இந்தப் பெட்டியில் மறுநாளே திரிந்துவிடும். மாவு பொங்கிப் புளித்து, அந்த வாடை உள்ளேயே தங்கிவிடும். இன்சுலின் மாதிரி மருந்தையும் இதில் வைக்காதீர்கள், அதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். காலி இடம் உறுத்தினால் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள். கதவைத் திறந்து மூடும்போது குளிர் சட்டென்று போகாமல் அவை பிடித்து வைக்கும். உள்ளே துடைக்க வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சமையல் சோடாவும் போதும், வாசனை லிக்விட் வேண்டாம். திறந்த ஒயின் பாட்டிலை மூடி, சாதாரண ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாளில் முடித்துவிடுங்கள்.

இடம் மாற்றிய பிறகு ஒரு முழு நாள் விட்டு டிகிரியைப் பாருங்கள். ஏ.சி. அறையிலும் 18-க்குக் கீழே வரவில்லை என்றால், வாரண்டி அட்டையைத் தேடி எடுத்து மகனிடம் சொல்லுங்கள். மாற்றித் தர முன்வந்தால், கம்ப்ரஸர் வைத்த மாடலாகக் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் சத்தம் வரும், ஆனால் சென்னைக் கோடையைத் தாங்கும்.