வாசகர் கேள்வி: எல்லா நிலையங்களுக்கும் சமமாக சைக்கிள்

கேள்வி: வெளிநாட்டு நகரங்களில் வாடகை சைக்கிள் நிலையங்கள் காலை நேரத்தில் சில இடங்களில் காலியாகவும், சில இடங்களில் நிரம்பி வழிந்தும் கிடப்பதாகப் படித்தேன். இன்னும் சில ஆயிரம் சைக்கிள்களை வாங்கி, எல்லா நிலையங்களுக்கும் சமமாகப் பிரித்து வைத்தால் தீராதா?
– வாசகர், திருச்சி

பதில்: தீராது, சில இடங்களில் தொல்லை கூடவே செய்யும். எடுக்க வருபவருக்கு வண்டி வேண்டியிருப்பதுபோலவே, விட வருபவருக்குக் காலியான பூட்டுமிடம், அதாவது நிலையத்தில் வண்டியை நிறுத்திப் பூட்டும் இடம், வேண்டும். வண்டி கிடைக்காதவர் பேருந்தில் ஏறிப் போய்விடலாம். பூட்ட இடம் கிடைக்காதவரோ வண்டியைத் தெருவில் போட்டுவிட்டு நகர முடியாது, வாடகைக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

சமமாகப் பிரிப்பது நோக்கமும் அன்று. நியூயார்க்கில் 2013 மே மாதம் தொடங்கிய சிட்டி பைக் என்ற வாடகை சைக்கிள் திட்டத்துக்காகக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வண்டி கிடைக்காமல் ஏமாறுவோர், பூட்டுமிடம் கிடைக்காமல் ஏமாறுவோர் ஆகிய இரு சாராரின் எண்ணிக்கையையும் கூட்டி, அந்தத் தொகை மிகக் குறைவாக அமைய ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை வண்டிகள் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அப்படிப் பார்த்தால், விடியற்காலையில் குடியிருப்புப் பகுதி நிலையம் பெரும்பாலும் நிரம்பியும், அலுவலகப் பகுதி நிலையம் பெரும்பாலும் காலியாகவும் இருப்பதுதான் சரி. எல்லா இடத்திலும் பாதிப் பாதி என்று வைத்தால், ஒன்பது மணிக்குள் இரு முனையிலும் திண்டாட்டம்தான்.

பாரிசில் மேடும் சேர்ந்துகொள்கிறது. அங்கே 2007 ஜூலையில் வெலிப் என்ற வாடகை சைக்கிள் திட்டம் தொடங்கியதும், மோன்மார்த்ர், பெல்வில் போன்ற உயரமான பகுதிகளிலிருந்து மக்கள் சைக்கிளில் இறங்கிச் சென்றார்களே தவிர, மூச்சிரைக்க மிதித்து ஏறி வரவில்லை. (யார்தான் ஏறுவார்கள்?) ஆகவே, 2008இல் மேட்டு நிலையங்களில் சுமார் நூற்றைத் தேர்ந்து, அங்கே வண்டியை விடுவோருக்குக் கட்டணமில்லாத 15 நிமிடங்களைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். மின்சார சைக்கிள்கள் வந்த பிறகு ஏற்றம் முன்போலப் பெரிய தடையாக இல்லை.

லாரியில் ஏற்றி இடம் மாற்றுவது எல்லா ஊர்களிலும் உண்டு. ஆனால் இரவில் எளிதாக முடிகிற அந்த வேலை, மிக அவசரமாகத் தேவைப்படும் காலை நெரிசலில் லாரியும் சாலையில் மாட்டிக்கொள்வதால் தடுமாறுகிறது. அதனால்தான் நியூயார்க்கில், நிரம்பிய நிலையத்திலிருந்து எடுத்துக் காலியான நிலையத்தில் விடும் பயணிகளுக்குப் புள்ளிகள் வழங்கி, அவற்றைச் சந்தா நீட்டிப்பாகவும் பரிசாகவும் மாற்றிக்கொள்ள விட்டார்கள். லாரி எட்டாத நேரத்தில் பயணிகளே இந்த வேலையைச் செய்வது என் பார்வையில் மிகச் சிறந்த ஏற்பாடு. ஆயினும் புள்ளிக் கணக்கு சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறுவதைக் கவனித்த சிலர், அருகருகே உள்ள இரு நிலையங்களுக்கிடையே அதே சைக்கிள்களை மாற்றி மாற்றி நகர்த்தி நல்ல வருமானம் பார்த்தார்கள் என்ற செய்தி 2024இல் வெளிவந்தது. நிறுவனம் அவர்களுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று.