நகலெடுத்த கூப்பனுக்குப் பணம் கொடுப்பவர் யார்?

கேள்வி: நான் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், எடிசன் நகரில் வசிக்கிறேன். என் தோழி இணையத்திலிருந்து கூப்பன்களை அச்சிட்டு எடுத்துச் சென்று, பற்பசை, சோப்பு, காலை உணவுத் தானியம் என்று வண்டி நிறைய, ஏறக்குறைய இலவசமாகவே வாங்கி வருகிறார். ஒரு கணினியில் இரண்டு பிரதிகளுக்கு மேல் அச்சாவதில்லை என்பதால் மகனின் மடிக்கணினியிலும் அலுவலகக் கணினியிலும் அச்சிடுகிறார். அதுவும் போதாதபோது ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறார். “கம்பெனியின் விளம்பரப் பணம்தானே, கடைக்காரருக்கு என்ன நஷ்டம்? இயந்திரமே ஏற்றுக்கொள்கிறதே!” என்பது அவர் வாதம். மிஞ்சும் பொருட்களை, இல்லாதவர்களுக்கு இலவசமாக வழங்கும் உணவு வங்கிக்குக் கொடுத்துவிடுகிறார். என் கணவரோ கூப்பனோடு கடைக்குப் போவதே கௌரவக் குறைச்சல் என்கிறார். யார் சொல்வது சரி? நானும் தோழியுடன் போகலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. உங்கள் கணவருக்கான பதில் சிறியது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். 1887-ஆம் ஆண்டிலேயே அட்லாண்டா நகரில் ஒரு குவளை கோகோ கோலாவை இலவசமாகக் குடித்துப் பாருங்கள் என்று சீட்டு அச்சிட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை நீட்டியவர்களை யாரும் யாசகர்களாக எண்ணவில்லை. அவர்கள் வந்து குடிக்க வேண்டும் என்பதே சீட்டு கொடுத்தவரின் நோக்கமாக இருந்தது. இன்றைய கூப்பனும் அவ்வாறே பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் தன் சொந்த லாபத்துக்காக விடுக்கும் அழைப்பு. அழைத்தவர் வீட்டுக்குப் போவதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை. கூப்பனில் வந்த தானியத்தை உங்கள் கணவர் காலையில் மறுக்காமல் சாப்பிடுகிறாரா என்பதை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

தோழியின் வாதம்தான் நின்று பார்க்க வேண்டியது, ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. 99 செண்டுக்குத் தள்ளுபடி விற்பனையில் இருக்கும் பற்பசைக்கு 1 டாலர் கூப்பனைக் கொடுத்து, அதைச் செலவின்றி எடுத்து வருவது முழுக்க நேர்மையான செயல். விலையைக் குறைத்தது கடை, கூப்பனை வெளியிட்டது நிறுவனம். இரண்டும் ஒரே வாரத்தில் கூடி வந்ததைக் கவனித்தது உங்கள் தோழியின் சாமர்த்தியம். ‘விலைக்கு ஈடாக ஏதும் தராமல் பொருளைப் பெறுவது எப்படி நியாயமாகும்?’ என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை, ஏனெனில் விலை கொடுக்கப்பட்டுவிட்டது, கொடுத்தவர்தான் வேறு. கடை அந்தக் கூப்பனை, கூப்பன்களைத் திரட்டிக் கணக்குப் பார்க்கும் தீர்வு மையத்துக்கு அனுப்புகிறது, நிறுவனம் அதன் முகமதிப்பையும், கையாண்ட கூலியாக வழக்கமாக 8 செண்டையும் சேர்த்துக் கடைக்குத் தருகிறது. வரித்துறை இதை நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறது: நியூ ஜெர்சி உட்படப் பல மாநிலங்களில், தயாரிப்பாளரின் கூப்பனைக் கழித்த பின்பு அல்ல, கழிப்பதற்கு முன்பிருந்த விலைக்கே விற்பனை வரி போடுகிறார்கள். ‘இலவசப்’ பற்பசைக்கும் உங்கள் தோழி சில செண்டுகள் வரி கட்டியிருப்பார். பழைய ரசீதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த வாதம் ஜெராக்ஸ் இயந்திரத்தின் அருகே வந்ததும் அவருக்கே எதிராகத் திரும்புகிறது. இப்படி வரம்பு வைத்து இணையத்தில் அச்சாகும் கூப்பனில் பெரும்பாலும் அதற்கென்றே ஒரு தனி எண் இருக்கிறது. நகல் எடுத்தால் அந்த எண்ணும் சேர்ந்தே நகலாகிறது. கல்லாவில் இருக்கும் கேஷியருக்கு அது தெரியப்போவதில்லை. ஒரே எண்ணில் பல கூப்பன்கள் வந்திருப்பது பிற்பாடு கணக்குப் பார்க்கும்போதுதான் வெளிப்படுகிறது. வெளிப்பட்டதும் நிறுவனம் முதல் பிரதிக்குப் பணம் கொடுத்துவிட்டு மற்றவற்றை மறுத்துவிடலாம், மறுக்க அதற்கு உரிமையும் உண்டு. பொருளோ எப்போதோ கடையை விட்டுப் போய்விட்டது. ஆக, ‘கடைக்காரருக்கு என்ன நஷ்டம்’ என்று கேட்டவர், நஷ்டம் முழுவதையும் அந்தக் கடைக்காரர் தலையிலேயே கட்டிவிட்டு வந்திருக்கிறார். அமெரிக்காவில் மளிகைக் கடைகளின் நிகர லாபம் பொதுவாக விற்பனையில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரைதான். இரண்டு என்றே வைத்துக்கொண்டாலும், மறுக்கப்பட்ட ஒரு 2 டாலர் கூப்பனை ஈடுகட்ட அந்தக் கடை இன்னும் 100 டாலருக்குச் சரக்கு விற்றாக வேண்டும். பெரிய சங்கிலிக் கடைக்கு இது தூசு என்று சொல்லலாம். கூப்பனை ஏற்கும் எல்லாக் கடைகளும் பெரிய சங்கிலிக் கடைகள் அல்ல.

இரண்டு பிரதி என்ற வரம்பைப் பற்றி நான் தோழியோடு முழுதாகச் சண்டையிட மாட்டேன். வெளியிடுபவர்கள் தாங்களே ‘ஒரு கணினிக்கு இரண்டு’ என்று கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்; வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தால் நான்கு பிரதிகள் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாததில்லை. மகனின் மடிக்கணினியில் அச்சிடுவது இந்தக் கணக்குக்குள் அடங்கியதே. அலுவலகக் கணினி வேறு விஷயம்: அங்கே செலவாகும் தாளும் மையும் அலுவலகத்துடையவை, கூப்பன் அச்சிடும் மென்பொருளை அந்தக் கணினியில் ஏற்ற அனுமதி பெற்றாரா என்பதை அவர் தம் மேலாளரிடம் பேசிக்கொள்ளட்டும். ஆனால் எத்தனை பிரதி அச்சானது என்ற கணக்கைக் கணினியில் குறித்து வைத்திருக்கும் கோப்பினை (file) அழித்துவிட்டு மீண்டும் மீண்டும் அச்சிடுவது, இரண்டு என்று சொன்னவரிடம் ‘இப்போதுதான் முதல்முறை வருகிறேன்’ என்று பொய் சொல்வதேயாகும். இந்த வழியைப் பலருக்கும் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லி, இணையத்தில் கூப்பன் வெளியிட்டுவந்த கூப்பன்ஸ் டாட் காம் நிறுவனம் 2007-இல் கலிஃபோர்னியாக்காரர் ஒருவர்மீது வழக்கே தொடுத்தது.

‘இயந்திரமே ஏற்றுக்கொள்கிறது’ என்ற சமாதானத்தைத்தான் என்னால் சற்றும் பொறுக்க முடியவில்லை. பல ஆண்டுகளாகக் கூப்பன்களில் இருந்த பழைய பட்டைக் குறியீடு (பார்கோடு), நிறுவனத்தின் எண்ணையும் பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் தள்ளுபடி எவ்வளவு என்பதையும் மட்டுமே பெரும்பாலும் சொல்லும். அதனால் பெரிய சலவைத்தூள் பெட்டிக்கென்று வெளியிட்ட கூப்பனை, அதே நிறுவனத்தின் சிறு பொட்டலத்துக்குக் காட்டினாலும் இயந்திரம் ‘பீப்’ என்று ஒலித்து ஏற்றுக்கொண்டது. இந்த ஓட்டையைப் படித்துக் கண்டுபிடித்து ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்க ஒரு கூட்டமே இருந்தது. கூடுதல் விவரங்களைத் தாங்கும் புதிய குறியீட்டுக்கு 2011 வாக்கில் தொழில்துறை மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். கூப்பனில் எந்தப் பொருள், எந்த அளவு, எத்தனை என்று எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ‘நகல் செல்லாது’ என்றும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். உங்கள் தோழிக்குப் படிக்கத் தெரியும், இயந்திரத்துக்கோ கோடுகள் மட்டுமே தெரியும். தமக்குத் தெரிந்ததைத் தெரியாத ஒன்றிடம் தீர்ப்புக்கு விடுவது என்ன நியாயம்?

இதை அற்ப விஷயம் என்று அவர் சிரித்தால், வர்ஜீனியா பீச் நகரில் நடந்ததைச் சொல்லுங்கள். வீட்டுக் கணினியில் போலிக் கூப்பன்களை வடிவமைத்து இணையக் குழுக்கள் வழியே விற்றுவந்த பெண்மணி ஒருவருக்கு 2021-இல் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் நேர்ந்த இழப்பு 3 கோடியே 10 லட்சம் டாலருக்கும் மேல் என்று வழக்கில் கணக்கிட்டார்கள். உங்கள் தோழியை நான் அவரோடு ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆயினும் செல்லாத தாளைச் செல்லும் என்று சொல்லி நீட்டும் செயல் இரண்டிலும் ஒன்றுதான்.

நிறுவனங்களும் இந்தக் கதையில் உத்தமர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2009 மே மாதத்தில் ஓப்ரா வின்ஃப்ரியின் தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாக கே.எஃப்.சி. நிறுவனம் இலவசக் கோழி உணவுக்குக் கூப்பன் அறிவித்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கூப்பன்கள் இணையத்திலிருந்து இறக்கப்பட்டன; சில நாட்களுக்குள் கூப்பனை ஏற்பதையே நிறுத்திவிட்டு, ‘பிறகு தருகிறோம், படிவம் நிரப்புங்கள்’ என்று வரிசையில் நின்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முன்பு 2006-இல் ஸ்டார்பக்ஸ் நிறுவனம், நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் அனுப்புங்கள் என்று சொல்லி, தன் ஊழியர்கள் சிலருக்கு மின்னஞ்சலில் இலவசக் குளிர்காப்பிக் கூப்பன் கொடுத்தது. அது நாடெங்கும் பரவியதும் செல்லாது என்று கைவிரித்துவிட்டது. அனுப்பச் சொன்னதை அனுப்பியவர்கள்மீதும், வந்ததை அச்சிட்டு எடுத்துச் சென்றவர்கள்மீதும் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. வரம்பு போடாமல் வாக்குக் கொடுத்தவர் அதன் செலவை ஏற்றிருக்க வேண்டும். வரம்பு போட்டுக் கொடுத்தபோது அதை நாம் ஏற்க வேண்டும் என்று நான் சொல்வதற்கும் இதே நியாயம்தான் அடிப்படை.

உணவு வங்கிக்குக் கொடுப்பது நல்ல காரியம். முறையான கூப்பனில் வாங்கிய பத்துப் பற்பசைகளைக் கொடுத்தால் மனமாரப் பாராட்டுவேன். நகல் கூப்பனில் வாங்கியதைக் கொடுப்பவர், கேட்காமலேயே கடைக்காரரைக் கொடையாளி ஆக்கிவிட்டுப் பெயரைத் தாம் எடுத்துக்கொள்கிறார். செல்லுபடியாகும் கூப்பனே ஆனாலும், அலமாரியில் இருக்கும் அத்தனையையும் வழித்துக்கொண்டு வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டப்படி தவறில்லைதான். ஆனால் பின்னால் வருபவரும் அதே கூப்பனை வைத்திருக்கக்கூடும். அதிகம் வேண்டுமென்றால் கடை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லித் தருவித்துக்கொள்ளலாம்.

நீங்கள் போகலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போங்கள், உங்கள் கணினியில் அச்சான இரண்டு கூப்பன்களோடு, உங்களுக்குத் தேவையான பொருளுக்காகப் போங்கள். தோழியின் பையில் நகல்கள் இருப்பது தெரிந்தால், கல்லாவுக்குப் போவதற்கு முன்பே, வண்டி நிறுத்துமிடத்தில் வைத்து அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பிறகு விசாரணை வரும்போது ‘ஏன் சரிபார்க்கவில்லை’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பவர் மணிக்கூலிக்கு நிற்கும் அந்தக் கேஷியர். நீங்கள் சொன்னதைக் கேட்ட பின்னும் தோழி நகல்களை நீட்டத்தான் போகிறார் என்றால், நீங்கள் வேறு வரிசையில் நின்று உங்கள் பில்லைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.