வாசகர் கேள்வி பதில்: பழைய வலைப்பூவும் பராமரிப்பும்

கேள்வி: 2009 முதல் கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான ப்ளாகரில் எழுதிவருகிறேன். 900 பதிவுகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. சொந்த டொமைன் (இணைய முகவரி) வாங்கி, நாமே நிறுவி ஓட்டும் வலைப்பூ மென்பொருளான வேர்ட்பிரஸுக்கு மாற நினைக்கிறேன். மற்றவர்கள் கொடுத்திருக்கும் பழைய சுட்டிகள் எல்லாம் செத்துப்போகுமா?

பதில்: சாகாமல் கொண்டுபோகலாம். ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம். பலர் ஒரே நாளில் டொமைன் வாங்கி, வேர்ட்பிரஸ் நிறுவி, பதிவுகளை இறக்கி, பழைய வலைப்பூவில் “இடம் மாறிவிட்டோம்” என்று ஓர் அறிவிப்புப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த அறிவிப்பைப் பார்ப்பவர் முகப்புப் பக்கத்துக்கு வருபவர் மட்டும்தான். தேடலில் இருந்து நேராக 2011-ஆம் ஆண்டுப் பதிவுக்கு வருபவருக்கு அது கண்ணில் படாது.

முதல் வேலை, வாங்கிய டொமைனை ப்ளாகரிலேயே இணைப்பது. அமைப்புகளில் ‘தனிப்பயன் டொமைன்’ என்ற இடம் இருக்கிறது. இணைத்ததும், ப்ளாகர் இலவசமாகத் தந்த பழைய ப்ளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிற ஒவ்வொரு கோரிக்கையையும் ப்ளாகர் தானாகவே புதிய டொமைனில் உள்ள அதே பக்கத்துக்கு 301 வழிமாற்றாக அனுப்பும். 301 என்றால் நிரந்தரமாக மாறியாயிற்று என்று பொருள். தேடுபொறி தன் பட்டியலையும் மாற்றிக்கொள்ளும். இந்த நிலையிலேயே சில மாதங்கள் ஓடட்டும். அவசரம் வேண்டாம்.

அடுத்தது வேர்ட்பிரஸ். அதன் நிரந்தரச் சுட்டி அமைப்பை ப்ளாகர் போலவே வையுங்கள்: ஆண்டு, மாதம், பதிவின் பெயர், கடைசியில் புள்ளி எச்டிஎம்எல். இதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அடுத்த வழுக்கல். இறக்குமதி செய்யும்போது பதிவின் முகவரிப் பெயரை வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து புதிதாக உண்டாக்கிவிடும். பழைய பெயரோடு அது ஒத்துப்போகாது. ப்ளாகர் இறக்குமதிக் கருவி ஒவ்வொரு பதிவோடும் பழைய முகவரியைத் தனிப்புலமாகச் சேமித்து வைக்கும். அதை எடுத்து முகவரிப் பெயராகப் போடும் செருகுநிரல்கள் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்கள்) உண்டு. டொமைனை, வேர்ட்பிரஸ் தளம் இருக்கும் சேவைக் கணினியான வழங்கிக்குத் திருப்புவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

எல்லோரும் தவறவிடுகிற மூன்று சில்லறை விஷயங்கள். கைபேசியில் பகிரப்பட்ட ப்ளாகர் சுட்டிகளின் வாலில் கேள்விக்குறி, எம், சமக்குறி, 1 என்று ஒட்டியிருக்கும். வேர்ட்பிரஸுக்கு எம் என்பது தேதியைக் குறிக்கும் சொல். அதைத் தேதியாகப் படித்துவிட்டு, பதிவு கண்ணெதிரே இருந்தாலும் ‘404, காணவில்லை’ என்று சொல்லிவிடும். அந்த வாலை வெட்டி அனுப்பும் வழிமாற்று விதி ஒன்று எழுத வேண்டும். புதிய பதிவுகளை வாசகருக்கு அனுப்பும் ஓடையின் முகவரியும், குறிச்சொல் பக்கங்களின் முகவரியும் இரண்டு மென்பொருளிலும் வெவ்வேறு. அவற்றுக்கும் ஆளுக்கொரு விதி தேவை.

பழைய ப்ளாகர் வலைப்பூவை அழிக்காதீர்கள். டொமைன் வேறு வழங்கிக்குப் போன பிறகு, ப்ளாக்ஸ்பாட் முகவரியில் வருபவர்களுக்கு “வேறு தளத்துக்கு அனுப்பப்படுகிறீர்கள்” என்ற எச்சரிக்கைப் பக்கம் இடையில் வரும். ஒரு சொடுக்குக் கூடுதல், அவ்வளவுதான். அழித்துவிட்டால் அதுவும் கிடையாது.

மாறுவதற்கு முன் வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து 20 சுட்டிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, மாறிய அன்று ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பாருங்கள். பிறகு ஒரு மாதம் 404 பதிவேட்டைக் கவனியுங்கள். விட்டுப்போனது எது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: தமிழில் தலைப்பு வைத்தால் பதிவின் முகவரி சதவீதக் குறிகளாக நீண்டுபோகிறது. சில பதிவுகளில் பாதியில் அறுந்தும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். முகவரியில் ஒரு பைட்டை எழுத ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தும் தேவை. ஆக ஒரு குறியீட்டுக்கு 9 இடம். ‘கொ’ என்பது நம் கண்ணுக்கு ஒரே எழுத்து. கணினிக்கு ‘க’ ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒன்று, மொத்தம் 18 இடம். வேர்ட்பிரஸ் முகவரிப் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம்தான். 22 குறியீடுகளிலேயே அது நிரம்பிவிடும். “மழைக்காலத்து மாலைப்பொழுதுகள்” என்று தலைப்பு வைத்தால் முகவரி “மாலைப்பொழு” என்பதோடு நின்றுவிடும்.

ப்ளாகர் வேறு மாதிரி. தமிழ் எழுத்துகளை முகவரிக்குள் விடாது. தலைப்பு முழுக்கத் தமிழாக இருந்தால் ‘ப்ளாக்-போஸ்ட்’ என்று வைத்து, பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும். தலைப்பில் 2011 என்ற எண் மட்டும் இருந்தால் அதுவே முகவரியாகிவிடும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். வெளியிடும் முன் முகவரிப் பெயரை ரோமன் எழுத்தில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். மூன்று நான்கு சொல், இடையில் சிறு கோடு. தலைப்பு அழகான தமிழில் இருக்கட்டும், முகவரி வெறும் விலாசம்தானே. ஏற்கெனவே வெளியானவற்றைத் தொடாதீர்கள். அசிங்கமாக இருந்தாலும் வேலை செய்கிற முகவரி, அழகான செத்த முகவரியைவிட மேல்.

கேள்வி: வழங்கி மாற்றியபின் பதிவுகள் முழுக்க எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. சில பக்கங்களில் வெறும் கேள்விக்குறிகள். மீட்க முடியுமா?

பதில்: குப்பை என்ன வகை என்று முதலில் பாருங்கள். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, அதையடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’ என்ற பதிவு வணிகக்குறி, இந்த ஜோடி வரிக்கு வரி திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் நிம்மதியாக இருக்கலாம். அது யூடிஎஃப்-8 தமிழேதான். தரவுத்தளம் அதை லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்து முறை என்று தவறாக நினைத்துக் காட்டுகிறது. பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. தரவுத்தளத்தை லத்தீன்-1 இணைப்பில் வெளியே எடுத்து, கோப்பில் உள்ள எழுத்துக்குறி அறிவிப்பை யூடிஎஃப்8எம்பி4 (முழு யூடிஎஃப்-8-க்குத் தரவுத்தளத்தில் உள்ள பெயர்) என்று மாற்றி, புதிய தரவுத்தளத்தில் ஏற்றினால் சரியாகிவிடும். அதுவரை எந்தப் பதிவையும் திறந்து திருத்திச் சேமிக்காதீர்கள். சேமித்தால் குப்பையே மறுபடி குறியேற்றம் ஆகிவிடும். இரட்டை முடிச்சை அவிழ்ப்பது பெரிய பாடு.

கேள்விக்குறிகள் விஷயம் அப்படியல்ல. லத்தீன்-1 நெடுவரிசையில் தமிழ் எழுத்துக்கு இடமில்லாததால் தரவுத்தளம் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, அங்கே ஒரு கேள்விக்குறியை வைத்திருக்கிறது. அதிலிருந்து தமிழை மீட்க வழியே இல்லை. பழைய வழங்கியின் கணக்கு இன்னும் உயிரோடு இருந்தால் இன்றே அங்கே போய்த் தரவுத்தளத்தை மறுபடி எடுங்கள். இல்லையென்றால் காப்பு நகல்தான். அதுவும் இல்லையென்றால், இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் உங்கள் பழைய பக்கங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது எழுத்துரு இல்லாத கோளாறு. உங்கள் பதிவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய பதிவுகள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிஸ்கி, டாப் போன்ற இருமொழிக் குறியேற்றங்களில் ஆங்கிலம் தன் இடத்திலேயே இருக்கும். மாற்றியில் போட்டால் பெரும்பாலும் சுத்தமாக வந்துவிடும். பாமினி வகை எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உட்கார்ந்திருக்கிறது. மாற்றியில் போட்டால் நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்களும் சுட்டிகளும் விளங்காத தமிழாகிவிடும். பத்தி பத்தியாகத்தான் மாற்ற வேண்டும், சுட்டிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு.

கேள்வி: மாதம் ஒருமுறை வலைப்பூவின் எக்ஸ்எம்எல் ஏற்றுமதிக் கோப்பை இறக்கி வைக்கிறேன். போதுமா?

பதில்: போதாது. அந்தக் கோப்பில் பதிவும் பின்னூட்டமும் இருக்கும், படங்கள் இருக்காது. படம் இருந்த இடத்தில் அதன் முகவரி மட்டும்தான் இருக்கும். வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பும் அப்படித்தான். ப்ளாகரில் இருப்பவர்கள் பக்கத்தின் வடிவமைப்பான வார்ப்புருவைத் தனியாகவும், படங்களை நம் தரவை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாகவும் எடுக்க வேண்டும். வேர்ட்பிரஸ் என்றால் தரவுத்தளத்தின் முழுப் பிரதி ஒன்று, படங்களும் செருகுநிரல்களும் வார்ப்புருவும் இருக்கும் உள்ளடக்கக் கோப்புறை ஒன்று.

படத்தை வெளியே இலவசச் சேவையில் வைத்துச் சுட்டி கொடுத்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஃபோட்டோபக்கெட் 2017-ல் விதியை மாற்றியபோது உலகம் முழுக்க வலைப்பூக்களில் படங்களுக்குப் பதில் கட்டண அறிவிப்புத் தொங்கியது. பதிவு எங்கே இருக்கிறதோ படமும் அங்கேயே இருக்கட்டும். 1600 பிக்சல் அகலம், ஜேபெக் தரம் 80 வைத்தால் பெரும்பாலான புகைப்படங்களுக்குப் போதும். ஏற்றும் முன் படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் வீட்டு முற்றத்துப் பூவின் படமே வீட்டைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய விதி இதற்கும் பொருந்தும். ஒரே கோப்பின் மேலேயே மறுபடி எழுதாதீர்கள். பெயரில் தேதி போட்டு 12 மாதப் பிரதிகளையாவது வைத்திருங்கள். பதிவுகள் எப்போது கெட்டுப்போயின என்பது பெரும்பாலும் பல மாதம் கழித்துத்தான் தெரியவரும். அதற்குள் நல்ல பிரதியின் மேல் கெட்டது ஏறியிருக்கும். கோப்பின் அளவையும் பாருங்கள். எழுத எழுதக் கூட வேண்டியது குறைந்திருந்தால் ஏதோ கோளாறு. ஆண்டுக்கு ஒருமுறை, யாரும் பார்க்க முடியாத சோதனை வலைப்பூ ஒன்றில் ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத காப்பு நகலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: என் வலைப்பூவைத் திறந்த சில நொடிகளில் ஏதோ விளம்பரத் தளத்துக்குத் தாவுகிறது. கடவுச்சொல்லை மாற்றியும் பயனில்லை.

பதில்: கடவுச்சொல் திருடு போயிருக்காது. வார்ப்புருவைத் திறந்து, வெளித் தளங்களிலிருந்து நிரல் இழுக்கும் வரிகளைத் தேடுங்கள். பல வலைப்பூக்களின் பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் திரட்டிகளின் ஓட்டுப் பட்டை, வருகையாளர் எண்ணி, பனி கொட்டும் அலங்காரம் என்று அந்தக் காலத்தில் ஒட்டியவை அப்படியே இருக்கும். அந்தச் சேவை மூடி, டொமைன் காலாவதியாகி, வேறு யாரோ வாங்கியிருப்பார்கள். உங்கள் பக்கம் இன்னமும் விசுவாசமாக அங்கிருந்து நிரலை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறது. வார்ப்புருவை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நீக்குங்கள். இன்று பயன்படாத எதையும் மிச்சம் வைக்க வேண்டாம். பக்கமும் வேகமாகத் திறக்கும்.

கேள்வி: பழைய பதிவுகளில் தினமும் எரிதப் (ஸ்பேம்) பின்னூட்டங்கள்.

பதில்: எரிதம் போடும் தானியங்கிகளுக்குப் பழைய பதிவுகள் என்றால் கொண்டாட்டம். வேர்ட்பிரஸில் குறிப்பிட்ட நாளுக்கு மேற்பட்ட பதிவுகளில் பின்னூட்டத்தைத் தானாக மூடலாம். ப்ளாகரில் பழைய பதிவுகளுக்கு மட்டும் மட்டுறுத்தல் (நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளிவருவது) வைக்கலாம். இரண்டிலும் 14 நாள் என்று எழுதியிருக்கும். அது மிகக் குறைவு, 90 ஆக்குங்கள். மூடுவதைவிட மட்டுறுத்தலே நல்லது என்பது என் கருத்து. பத்தாண்டு கழித்துப் பதிவில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்ட வருகிற ஒரே ஒருவருக்காகவாவது கதவைத் தாழிடாமல் சாத்தி வைக்கலாம்.

கேள்வி: இருபது வயதில் எழுதியவற்றை இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கிறது. மொத்தமாக அழித்துவிடலாமா?

பதில்: கூச்சம் மட்டும்தான் காரணம் என்றால் வேண்டாம். தகவல் பிழை என்றால் பதிவின் தலையில் தேதியிட்டுத் திருத்தம் போடுங்கள். உள்ளே சத்தமில்லாமல் மாற்றினால் கீழே உள்ள பின்னூட்டங்கள் பொருளற்றுப் போகும். பிறருடைய தனிவாழ்க்கையைப் பற்றி எழுதியிருந்தால், அதை எடுத்துவிடுவதுதான் நியாயம். அழிக்காமல் வரைவு நிலைக்கு மாற்றுங்கள். வேர்ட்பிரஸின் குப்பைத்தொட்டி 30 நாளில் தானே காலியாகிவிடும்; வரைவு அப்படியே இருக்கும்.

கேள்வி: டொமைனைப் புதுப்பிக்க மறந்துவிட்டேன், பத்து நாள் ஆகிறது. போனது போனதுதானா?

பதில்: டாட் காம் என்றால் இன்றே பதிவு நிறுவனத்தின் தளத்தில் நுழைந்து கட்டணத்தைக் கட்டிப் பாருங்கள். காலாவதிக்குப் பின் 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அது கடந்தால் 30 நாள் மீட்புக் காலம், அபராதம் கனமாக இருக்கும். பிறகு 5 நாள் எதுவும் செய்ய முடியாது. அதன்பின் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சில நிறுவனங்கள் சலுகைக் காலத்திலேயே ஏலம் விட்டுவிடும் என்பதால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

நினைவூட்டல் மடல் வரவில்லையே என்பீர்கள். டொமைன் கணக்கில் கொடுத்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருந்தால், டொமைன் நின்றதும் மடலும் நின்றுவிடும். வேறு முகவரியைக் கொடுங்கள். ஒரே தடவையில் 10 ஆண்டு வரை பதிந்துகொள்ளவும் முடியும்.

கேள்வி: எனக்குப் பிறகு என் வலைப்பூ என்னவாகும்?

பதில்: சொந்த வழங்கியில் இருந்தால் கட்டணம் நின்ற கொஞ்ச நாளில் மறைந்துவிடும். இலவசச் சேவையில் கணக்கு செயலற்றுப் போவதுதான் ஆபத்து. 2 ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கக்கூடும் என்று கூகுள் 2023-ல் அறிவித்தது. ப்ளாகரில் நம்பிக்கையான ஒருவரை இரண்டாவது நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. கூகுள் கணக்கின் ‘செயலற்ற கணக்கு மேலாளர்’ பகுதியில் 3, 6, 12, 18 மாதங்களில் ஒன்றைத் தேர்ந்து, அதன்பின் யாருக்குத் தகவல் போக வேண்டும், எவை அவர் கைக்குப் போக வேண்டும் என்று குறிக்கலாம். வேர்ட்பிரஸ்காரர்கள் டொமைன், வழங்கி, மின்னஞ்சல் ஆகிய மூன்று கணக்குகளும் எந்தெந்த நிறுவனத்தில் இருக்கின்றன, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுத வேண்டாம். அது எங்கே இருக்கிறது என்று எழுதினால் போதும்.