ஆரஞ்சு மரத்துக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி: இயற்கையான மாற்று உண்டா?

ஃப்ளோரிடாவில் பசுமை நோய் என்ற பாக்டீரியா நோய்க்காக ஆரஞ்சு மரத்தண்டில் துளை போட்டு ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஏற்றுகிறார்கள் என்று படித்துவிட்டு, இயற்கையாக வழியே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் வேப்பெண்ணெய், பூண்டுக் கரைசல் என்று தெளித்துவிட்டுப் போகிற சமாசாரம் இல்லை.

2005-ல் அங்கே கண்டறியப்பட்ட இந்தப் பசுமை நோயின் பாக்டீரியா இலைமேல் இருப்பதில்லை. மரம் சர்க்கரையைக் கடத்தும் புளோயம் குழாய்களுக்குள் குடியிருக்கிறது. சைலிட் என்ற சின்னப் பூச்சி சாறு உறிஞ்சும்போது நேராக அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. நோய் வந்த இலையில் நடுநரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் வேறு மாதிரி மஞ்சள் திட்டுகள் இருக்கும். காய் கோணலாகி, நுனிப்பக்கம் பச்சையாகவே நின்றுவிடும்.

எனக்கு நம்பிக்கை தருவது ஆஸ்திரேலிய விரல் எலுமிச்சை. விரல் நீளக் காய், உள்ளே மீன் முட்டை போல மணிமணியாகச் சுளை. இந்த மரம் நோயைத் தாங்கி நிற்கிறது. ஏன் என்று கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் ஹைலிங் ஜின் குழு தேடியபோது ஒரு சிறு பெப்டைடு, அதாவது குட்டிப் புரதத் துணுக்கு, கிடைத்தது, 2021-ல் வெளியிட்டார்கள். அது பாக்டீரியாவைக் கொல்கிறது, மரத்தின் சொந்த எதிர்ப்பையும் தூண்டிவிடுகிறது. முக்கியமாக, ஆன்டிபயாட்டிக் வீரியம் இழக்கும் வெயிலையும் இது தாங்குகிறது.

சரி, அந்த முடிவுகள் பசுமைக்குடிலில் வந்தவை. தோட்டத்தில் வளர்ந்து நிற்கும் மரம் வேறு. அதனால் நோயில்லா நாற்றையும் சைலிட் கட்டுப்பாட்டையும் இன்னும் கைவிட முடியாது.