ஆஸ்பத்திரி செக்யூரிட்டி அரெஸ்ட் பண்ணலாமா?

கேள்வி: அரசு ஆஸ்பத்திரி வார்டுல அண்ணனுக்கும் செக்யூரிட்டிக்கும் வாய்த்தகராறு, அவரை ரூம்ல வச்சுப் பூட்டிட்டு அப்புறம்தான் அங்க இருக்கிற அவுட்போஸ்ட் போலீஸைக் கூப்பிட்டாங்க. யாருக்கு சார் அரெஸ்ட் பண்ற பவர் இருக்கு?

பதில்: ரெண்டு பேரும் ஒண்ணு இல்லம்மா. அவுட்போஸ்ட்ல இருக்கிறவங்க அந்த ஏரியா ஸ்டேஷன் போலீஸ்தான், அவங்க அதிகாரம் ஆஸ்பத்திரி கேட்டோட நின்னுடாது. செக்யூரிட்டி போட்டிருக்கிறது யூனிஃபார்மா இருந்தாலும் சட்டத்துக்கு அவர் நம்மள மாதிரி தனிமனுஷன்தான், பிஎன்எஸ்எஸ்ங்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 40வது பிரிவுப்படி தன் கண்ணு முன்னாடி ஜாமீன்ல விட முடியாத, வாரண்ட் இல்லாம போலீஸ் பிடிக்கக்கூடிய குற்றம் நடந்தாலோ, தேடப்படுற குற்றவாளின்னு கோர்ட் அறிவிச்ச ஆள் கிடைச்சாலோ மட்டும் பிடிச்சு வைக்கலாம், அதுவும் தாமதிக்காம, 6 மணி நேரத்துக்குள்ள போலீஸ்கிட்ட ஒப்படைச்சே ஆகணும். வெறும் வாய்ச்சண்டைக்கு ரூம்ல பூட்டினது தப்பு, எனக்கே கேட்க கோவம் வருது.

ஆனா டாக்டர், நர்ஸ் மேல கை வச்சாலோ பொருளை உடைச்சாலோ கதையே வேற, அதுக்குன்னு 2008ல வந்த தமிழ்நாடு சட்டம் இருக்கு, ஜாமீன்ல விட முடியாத கேஸ் அது. போலீஸ் அரெஸ்ட் பண்ணினா காரணம் சொல்லணும், வீட்டுக்குத் தகவல் தரணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அரெஸ்ட் மெமோல, அதாவது கைது பண்ணினதை போலீஸ் எழுதுற பேப்பர்ல, சாட்சி கையெழுத்தும் நேரமும் இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் கையெழுத்து போடச் சொல்லுங்க அண்ணனை.